செயலிகளைத் தள்ளி மூடுவதால் கைபேசிக்கு நன்மை இல்லை

பயன்படுத்தி முடித்த செயலிகளை எல்லாம் அண்மைச் செயலிகளின் பட்டியலுக்குச் சென்று ஒன்றுவிடாமல் தள்ளி மூடும் பழக்கம் நம்மில் மிகப் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. புதுக் கைபேசி வாங்கும்போது கடைக்காரரே இதைச் சொல்லித்தருகிறார். வீட்டில் இளையவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பேட்டரி நீடிக்கும், கைபேசி வேகமாக இயங்கும் என்ற நல்ல நோக்கத்தில்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் இந்த இரண்டில் எதுவும் அதனால் நடப்பதில்லை என்பதும், சில வேளைகளில் நேர்மாறாகவே நடக்கிறது என்பதும் என் உறுதியான கருத்து. ஆண்ட்ராய்டை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியல் இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியல் அன்று. நீங்கள் அண்மையில் திறந்தவற்றின் பட்டியல் மட்டுமே. பல கைபேசிகளை முழுவதும் அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினாலும் பழைய செயலிகள் அதில் அப்படியே நிற்கும். அவற்றுள் ஒன்றுகூட அப்போது நினைவகத்தில், அதாவது ரேமில், இல்லாமல் இருக்கலாம்.

நீங்கள் ஒரு செயலியைவிட்டு வெளியே வந்ததும் ஆண்ட்ராய்டு அதன் முக்கியத்துவத்தைக் கணக்கிடுகிறது. திரையில் நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருப்பது முதலிடம் பெறும். கண்ணுக்குத் தெரிந்தபடி பின்னால் நிற்பது அடுத்தது. பாட்டு ஒலிப்பது, கோப்பு இறக்குவது போன்ற சேவையைச் செய்துகொண்டிருப்பவை அதற்கடுத்தவை. ஒன்றும் செய்யாமல் நினைவகத்தில் தங்கியிருப்பவை கடைசி. நினைவகம் போதாமல் போகும்போது இந்தக் கடைசி வரிசையிலிருந்துதான் செயலிகள் நீக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 10 முதல், நினைவகத்துக்காகப் பணிகள் எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கின்றன என்பதை அளந்தும் இந்த முடிவை எடுக்க முடிகிறது. செயலிகளை நீக்கும் நிலை வருவதற்கு முன்பாகவே, நினைவகத்தில் அரிதாகத் தொடப்படும் பகுதிகளைச் சுருக்கி அதே ரேமில் அடக்கிவைக்கும் வேலையும் நடக்கிறது. ஆண்ட்ராய்டு 11-இல், தங்கியிருக்கும் செயலிகளை உறையவைத்து, கைபேசியின் மூளையான பிராசசரின் நேரத்தில் ஒரு துளியும் அவை எடுக்காதபடி நிறுத்திவைக்கும் வசதியும் வந்துவிட்டது. நொடிக்கு நொடி நிலைமையை அறிந்து எடுக்கப்படும் இந்த முடிவுகளை, பட்டியலைப் பார்த்து ஊகித்து நம் விரலால் மேம்படுத்திவிட முடியாது.

ரேம் நிறைந்திருப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. காலியாகக் கிடந்தாலும் நிறைந்திருந்தாலும் அது செலவழிக்கும் மின்சாரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாறாக, தங்கியிருந்த செயலியை நீங்கள் தள்ளி மூடிவிட்டு அரைமணி நேரத்தில் மீண்டும் திறக்கும்போது, புதிய செயல்முறை ஒன்றைத் தொடங்கி, நிரலைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து, இணைய இணைப்பை ஏற்படுத்தி, திரையை முதலிலிருந்து வரையவேண்டியிருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும் அடுப்பை ஒவ்வொரு தோசைக்கும் அணைத்துப் பற்றவைப்பது போன்ற வேலை அது. குறைந்த ரேமும் மெதுவான சேமிப்பகமும் கொண்ட விலை மலிவான கைபேசிகளில் இந்த மறுதொடக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நேரம் எடுக்கிறது. இந்தப் பழக்கத்தை அதிகம் பின்பற்றுபவர்களும் அத்தகைய கைபேசி வைத்திருப்பவர்களே என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

இது புதிய விவாதமும் அன்று. ஆண்ட்ராய்டின் தொடக்க ஆண்டுகளில் பிற செயலிகளை வலிந்து நிறுத்துவதற்கென்றே உருவான செயலிகள் மிகவும் பரவியிருந்தன. அவை மற்றச் செயலிகளின் அலாரங்களையும் சேவைகளையும் கெடுத்துவிடுகின்றன என்பதால், 2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 அந்த அதிகாரத்தைக் குறைத்தது. 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, ஒரு செயலி தன்னுடைய பின்னணிச் செயல்முறைகளை மட்டுமே நீக்கலாம் என்று இன்னும் இறுக்கியது. ஐபோனிலும் கதை இதுதான்: அடிக்கடி செயலிகளை மூடுவது பேட்டரிக்குத் தேவையா என்று ஒருவர் 2016-இல் மின்னஞ்சலில் கேட்டபோது, ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி தேவையில்லை என்றே பதில் எழுதினார், அப்போது ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதை ஆமோதித்தார். இத்தனைக்குப் பிறகும் "ரேம் கிளீனர்", "பூஸ்டர்" என்ற பெயரில் விளம்பரங்களை வாரி இறைக்கும் செயலிகளைப் பெரியவர்களின் கைபேசிகளில் பார்க்கிறேன். அவற்றை நீக்குவதே அந்தக் கைபேசிக்குச் செய்யும் முதல் உதவி.

வீண் உழைப்போடு இது நின்றுவிட்டால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். சில கைபேசிகளில், தயாரிப்பாளர் செய்த மாற்றங்களால், பட்டியலிலிருந்து தள்ளி மூடுவதே, அமைப்புகளில் உள்ள கட்டாய நிறுத்தம் (Force stop) போல ஆகிவிடுகிறது. கட்டாயமாக நிறுத்தப்பட்ட செயலிக்கு, அதை மீண்டும் திறக்கும் வரை செய்தி வராது; அது வைத்திருந்த அலாரங்களும் நீங்கிவிடும். மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலியை ஒரு முதியவர் இரவில் "சுத்தம்" செய்துவிட்டுப் படுத்தால், காலையில் அது ஒலிக்காமல் போகலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அழைக்கும் அழைப்பு மணியடிக்காமலே கடந்துவிடலாம். அவர்கள் செயலியைக் குறைசொல்கிறார்கள்; செயலியை எழுதியவர்களோ தாங்கள் செய்யாத தவறுக்காகக் குறைந்த மதிப்பெண்களை வாங்கிக்கொள்கிறார்கள்.

கையால் நிறுத்தவேண்டிய தருணங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. செயலி தொட்டாலும் அசையாமல் நின்றுவிட்டால் மூடித்தான் ஆகவேண்டும். வழிகாட்டும் வரைபடச் செயலி, ஊர் வந்து சேர்ந்த பிறகும் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் வழிகாட்டலை முடித்துவிடவேண்டும். உண்மையில் பேட்டரியைத் தின்பவை இத்தகையவையே. இவற்றுள் சில பட்டியலிலிருந்து தள்ளப்பட்ட பின்னும் தொடர்ந்து இயங்கக்கூடியவை. ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்புத் திரையை முழுவதும் கீழே இழுத்தால் அடியில், இப்போது பின்னணியில் இயங்கும் செயலிகளின் எண்ணிக்கை தெரியும். அங்கேயே நிறுத்தவும் முடியும். அதோடு, அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குச் சென்று எந்தச் செயலி எவ்வளவு செலவழித்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் திறக்காத செயலி ஒன்று மேலே நின்றால் அதன் பின்னணிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். மருந்து நினைவூட்டலையும் அழைப்புச் செயலியையும் அதே பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாடற்ற (Unrestricted) நிலையில் வையுங்கள்.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பட்டியலின் அடியில் "இவ்வளவு ரேம் காலி" என்று எண்ணைக் காட்டி, அருகிலேயே அனைத்தையும் மூடும் பொத்தானை வைப்பதை நிறுத்துங்கள். அந்த எண்ணைப் பெரிதாக்குவதே தங்கள் கடமை என்று மக்கள் நம்புவதற்கு அந்தத் திரையே முதற்காரணம். அந்த இடத்தில் கடந்த ஒரு மணி நேரத்தில் பேட்டரியை அதிகம் செலவழித்த செயலியின் பெயரைக் காட்டினால், எதை நிறுத்தவேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.