வாதில் என்றால் கதவு

போன மாதம் தங்கை மகளோடும் அவளுடைய ஆறு வயதுப் பையனோடும் ஒரு மருத்துவ மதிப்பீட்டுக்குப் போயிருந்தேன். பையனுக்குப் பேச்சு தாமதம். நடப்பான், ஓடுவான், தென்னை மட்டையை வண்டியாக்கி இழுத்துக்கொண்டு தோப்பையே சுற்றி வருவான். சொற்கள்தாம் எண்ணி எண்ணி வரும். சான்றிதழ் இருந்தால் பயிற்சிக்கும் உதவித்தொகைக்கும் வழி உண்டு என்றார்கள், போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இளைஞர், கேரளத்தின் தெற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து புதிதாக வந்தவர். குணத்தில் குறை சொல்ல முடியாது. பையனைப் பார்த்துச் சிரித்தார், மிட்டாய் கொடுத்தார். பிறகு மலையாளத்தில் "வாதில் அடய்க்கு" என்றார்.

பையன் அசையவில்லை. அவர் மறுபடியும் சொன்னார், மெதுவாக, கொஞ்சம் உரக்க. பையன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் குனிந்து காகிதத்தில் எதையோ எழுதினார். தங்கை மகளுக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு, கதவைச் சாத்து" என்றாள். அவன் எழுந்து போய்ச் சாத்தினான். வீட்டில் செய்வதுபோலவே தாழ்ப்பாளையும் போட்டான்.

ஆனால் எழுதியது எழுதியதுதான். கட்டளை புரியவில்லை என்று காகிதத்தில் ஏறிவிட்டது. தாய் உதவினால் கணக்கில் சேராதாம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இது கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், தமிழ்நாட்டு எல்லை. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாகச் சோதனைச் சாவடிகள். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். பெரியவர்களுக்கு இது சிரமமே இல்லை. தமிழாசிரியை என்ற முறையில் சொல்கிறேன், நம் வாயிலும் அவர்கள் வாதிலும் ஒருதாய்ப் பிள்ளைகள். ஆனால் ஏற்கெனவே ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சேர்த்துவைக்கிற ஒரு குழந்தைக்கு அந்த உறவுமுறை எப்படித் தெரியும்? அன்று அந்த அறையில் ஒரு குறை இருந்தது உண்மை. அதைப் பையனின் பெயரில் எழுதிவிட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

குறையை யார் பெயரில் எழுதுவது என்ற வழக்கு எனக்குப் புதிதல்ல. 1974இல் எனக்கு ஒன்றேகால் வயதாக இருந்தபோது காய்ச்சல் வந்தது. ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியபோது வலது காலும் விழுந்துவிட்டது. பாட்டிக்கு அது மாரியாத்தாளின் கோபம். அப்பாவுக்கு முன்வினை; யார் வீட்டு வினை என்பதில் மட்டும் அவருக்கும் அம்மா வீட்டாருக்கும் தகராறு. அம்மாவோ "அந்த ஊசிதான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மூவரில் அம்மாவைத்தான் படிக்காதவள் என்று எல்லாரும் அடக்கினார்கள். போலியோக் கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் போடும் ஊசி வாதத்தைத் தூண்டிவிடலாம் என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அம்மா உயிரோடு இல்லை.

மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: ஏன் வந்தது? இவள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவாள் என்று கேட்டவர் சைக்கிள் வைத்திருந்த மாமா ஒருவர்தாம். அவருக்குக் கொள்கை எதுவும் கிடையாது, கேரியர் இருந்தது. ஐந்தாம் வகுப்புவரை அதில்தான் போனேன்.

பிறகு மருத்துவக் குழுவின் காலம் வந்தது. கோயம்புத்தூரில் படித்தபோது எடுத்த ஊனச் சான்றிதழில் என் கால் 60 சதவீதம். வேலைக்காக இந்தப் பக்கம் மறுபடி ஒரு குழுவின் முன் நின்றபோது 55. அதே கால்தான். நாடா வைத்து நீளம் பார்த்தார்கள், முட்டி எத்தனை பாகை மடங்குகிறது என்று கோணமானி வைத்தார்கள், தசைக்குச் சுழியம் முதல் ஐந்துவரை மதிப்பெண் போட்டார்கள். எல்லையிலுள்ள வாளையாற்றைத் தாண்டியதும் ஐந்து சதவீதம் குணமாகிவிட்டது, அங்கே ஒரு கோயில் கட்டலாம் என்றாள் என் தோழி. நான் சிரித்தேன். ஆனால் 40க்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். 40 சதவீதம் என்று எழுதினால்தான் இடஒதுக்கீடு. 39 என்றால் ஒன்றும் இல்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். மாற்றுத்திறனாளி யார் என்று சொல்கிற இடத்தில் அது அழகாகப் பேசுகிறது: நீண்டகாலக் குறை ஒன்று, தடைகளோடு சேரும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்பதற்கு இடையூறாகிறது என்கிறது. குறை மட்டும் போதாது, எதிரில் தடையும் நிற்க வேண்டும். இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் மொழி அது. அடுத்த மூச்சிலேயே, ஒதுக்கீடு வேண்டுமானால் மருத்துவரிடம் போய்ச் சதவீதம் வாங்கிவா என்கிறது. தடைக்குச் சதவீதம் போட யாரும் இல்லை. படிக்கட்டு எத்தனை சதவீதம்? தமிழ் தெரியாத மேசை எத்தனை சதவீதம்?

எண்ணிக்கை வேறு கூடிக்கொண்டே போகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனம், 2016இல் இருபத்தொன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'எண்பேர் எச்சம்' என்று எட்டு வகை சொல்கிறார். அந்தப் பிறப்புகளால் ஊதியம், அதாவது பயன், இல்லை என்று முன்னோர் சொன்னதாகவும் சொல்கிறார். அந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போது என் குரல் தானாகவே வேகமெடுக்கும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "டீச்சருக்கு ஊதியம் உண்டே" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

பார்வையைத் திருப்பிப் போட்டவர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். ஊனமுற்றோர் இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர்களில் ஒருவரான பால் ஹன்ட் 1972இல் ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதி ஆள் சேர்த்தார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்று வந்த விக் ஃபின்கெல்ஸ்டைன் அவரோடு சேர்ந்தார். 1976இல் அவர்களுடைய சங்கம் வெளியிட்ட கொள்கை அறிக்கையின் சாரம் இது: குறை உடம்பில் இருக்கிறது, முடக்குவது சமூகம். இதற்கு 'சமூக மாதிரி' என்று 1983இல் பெயர் வைத்தவர் மைக் ஆலிவர்.

ஃபின்கெல்ஸ்டைன் ஒரு கற்பனை ஊரைச் சொன்னார். ஊரில் எல்லாரும் சக்கர நாற்காலிக்காரர்கள். நிற்கிறவர் யாரும் இல்லாததால் கூரையையும் கதவு நிலையையும் தாழ்த்திக் கட்டிவிட்டார்கள். அங்கே நடக்கிறவர்கள் சிலர் வந்து சேர்கிறார்கள், நிலையில் முட்டி முட்டி நெற்றி வீங்குகிறார்கள். மருத்துவர்கள் கூடி ஆராய்கிறார்கள், தலைக்கவசம் எழுதிக் கொடுக்கிறார்கள், பரிதாபப்பட்டு நிதி திரட்டுகிறார்கள். நிலையை உயர்த்தலாமே என்று நடக்கிறவர்கள் ஒருநாள் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டாம். அப்பா ஆறடி. மாமியார் வீட்டு நிலையில் அவர் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. அவருக்கு யாரும் சதவீதம் போடவில்லை.

இந்தக் கதையைத் தெரு முனையில் இருக்கும் ஒருவரிடம் சொன்னேன். எங்கள் பக்கம் கள்ளுக்குப் பேர்போனது. தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர் அவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இங்கே ஒன்று கவனியுங்கள்: அவருக்கு என்ன முன்வினை என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. தொழிலில் விழுந்தவர் என்று மரியாதை, தொழிற்சங்கம், நல நிதி. நான் காய்ச்சலில் விழுந்தவள், எனக்குக் கர்மம். ஒரே தெருவில் இரண்டு தத்துவம்.

கதையை முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "டீச்சர், நிலையை அவர்கள் தாழ்த்தட்டும், உயர்த்தட்டும். இராத்திரி எரிகிறதே, அதை யார் தாழ்த்துவார்கள்?"

எனக்குப் பதில் இல்லை. உணர்வே இல்லாத காலில் நெருப்பு வைத்தாற்போல எரிகிறது என்கிறார். நான் வசைபாடுகிற மருத்துவம்தான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது. உள்ளாட்சி அனுப்பும் வலி நிவாரண செவிலி வந்து சிறுநீர்க் குழாய் மாற்றுகிறார், படுக்கைப்புண்ணைத் துடைத்துக் கட்டுகிறார், மனைவிக்கு எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று காட்டிக்கொடுக்கிறார். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அந்த வலி நிவாரண இயக்கம் வார்டு வார்டாகப் பரவி, 2008இல் அரசின் கொள்கையாகவே ஆனது. கேரளத்தை எதற்கு வேண்டுமானாலும் திட்டுவேன், இதற்கு மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். அதே கேரளத்தின் ஆஸ்வாசகிரணம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனித்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். இரவில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் போடுகிற பெண்ணுக்கு, மாதத்துக்கு, இங்கே ஒரு நாள் கூலிகூட இல்லாத தொகை.

அவருடைய கேள்வியைப் படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். டாம் ஷேக்ஸ்பியர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தாமே குள்ள உடல்வாகு கொண்டவர், எல்லாவற்றையும் சமூகத்தின் மேல் போட்டுவிட்டால் உடம்பின் வலியை எங்கே வைப்பது என்று வாதாடினார். ஐம்பது வயதுக்குப் பின் எனக்கும் அது தெரிகிறது. போலியோவில் பிழைத்துக்கொண்ட தசைகள் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் தளரும். நல்ல கால் என்று நான் நம்பியிருந்த இடது கால் இப்போது மாலையில் நடுங்குகிறது. அதற்கு எந்தப் படிக்கட்டும் காரணம் இல்லை. ஆனாலும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தால், ஐம்பது ஆண்டுகளில் கால் எனக்குக் கொடுத்த தொல்லையைவிட ஊர் கொடுத்த தொல்லைதான் கனம். இதில் நான் நடுநிலை கிடையாது.

ஒன்று சொல்கிறேன். காலைத் தாங்க நான் மாட்டியிருக்கும் காலிப்பர் தொடையில் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நான்கு தோல் வார், முட்டியில் ஒரு பூட்டு. உட்காரும்போது அதை விரலால் தூக்கிவிட வேண்டும், எழும்போது டக் என்று தானே விழும். பட்டைகளின் அடிமுனை பூட்ஸின் குதிகாலுக்குள் செருகியிருக்கிறது. அதாவது பூட்ஸைக் கழற்றினால் காலையே கழற்றியதாகும். இப்போது யோசியுங்கள், நம் ஊரில் ஒரு நாளில் எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம்? கோயில், கல்யாண வீடு, சாவு வீடு, சில டாக்டர் அறை. ஒரு கோயிலில் காவலாளி, "தோல் உள்ளே வரக்கூடாது" என்றார். உள்ளே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மேளத்தில் எதைக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. என் உறவினர்கள் பலர் வீட்டில் இன்றும் நான் திண்ணையோடு சரி. யாரும் வராதே என்று சொன்னதில்லை, தரையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதை எந்தக் கட்டட விதியும் திருத்தாது.

கட்டட விதியின் கதை தனி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் அது சாய்தளம். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் இரண்டடி உயரத்தை ஆறடியில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. மேனேஜரின் ஸ்கூட்டர் ஏறுகிறது, தினமும் காலையில் பார்க்கிறேன். இப்படிப்பட்ட விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காருங்கள் என்று காபி வரவழைத்தார்கள்.

காபிக்கும் பட்டப்பெயருக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. நொண்டியாக இருந்தேன், ஊனமுற்றவளானேன், கலைஞர் மாற்றுத்திறனாளி ஆக்கினார். இந்தப் பக்கம் விகலாங்கராக இருந்து பின்னசேஷிக்காரி ஆனேன். 2015இல் பிரதமர் திவ்யாங் என்றார். என் காலில் தெய்வீகம் எதுவும் இல்லை, இரும்பும் தோலும்தான். மாற்றுத்திறனாளி என்ற சொல்லை வெறுக்கவில்லை; நொண்டி என்று கூப்பிட்ட வாய்கள் அதைச் சொல்லப் பழகியதில் ஒரு நன்மை உண்டு. ஆனால் என்னிடம் மாற்றுத் திறன் என்ன இருக்கிறது என்று எதிர்பார்த்து நிற்கிறார்களே, அதுதான் சங்கடம். பாட மாட்டேன், காலால் படம் வரைய மாட்டேன். சுமாரான தமிழாசிரியை.

பையன் கதைக்கு வருகிறேன். தமிழ் தெரிந்தவர் முன்னிலையில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தோம். ஆகட்டும் என்றார்கள், நாள் சொல்லவில்லை. தங்கை மகள் காத்திருக்கவில்லை. வீட்டில் கதவை வாதில் என்று மாற்றிவிட்டாள், சன்னலை ஜனல் என்று சொல்லிக்கொடுக்கிறாள். மேசைக்காரர்கள் கற்க வேண்டியதைக் குழந்தை தலையில் ஏற்றுகிறாயே என்று கோபப்பட்டேன். "பெரியம்மா, அவர்கள் திருந்துவதற்குள் இவனுக்கு மீசை முளைத்துவிடும்" என்றாள். மாமாவின் கேரியர் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, வழக்கம்போல் பூட்ஸைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தேன். நான் வந்ததைக் கவனிக்காமல், உள்ளேயிருந்து அவள் பாடம் நடத்தும் குரலில் "வாதில் அடய்க்கு" என்றாள். பையன் எழுந்து வந்தான், கதவில் கை வைத்தான். என்னைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான். அவள் மறுபடியும் சொன்னாள். அவன் சாத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் சுவரைப் பிடித்து, பூட்ஸோடு உள்ளே கால் வைத்து, நாற்காலிக்குப் போய் முட்டிப் பூட்டைத் தூக்கி உட்காரும்வரை நின்றான். பிறகு சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.