ராஜாஜி பிறந்தது சேலம் நகரில் அல்ல

"டிசம்பர் 10: சேலம் நகரில் பிறந்த முதல் குடியரசுத் தலைவர் ராஜாஜியின் பிறந்தநாள்" என்று கறுப்புக் கண்ணாடிப் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் போனிலும் அதே படம். தேதி சரி. மற்ற இரண்டும் தவறு.

1878இல் அவர் பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில். அந்த ஊர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது; குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது, 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்.

அப்புறம், 1948 முதல் 1950 வரை அவர் வகித்தது கவர்னர் ஜெனரல் பதவி. முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். சேலத்துக்குப் பெருமை சேர்க்க உள்ளதைச் சொன்னாலே போதுமே: இங்கேதான் அவர் வக்கீல் தொழில் பார்த்தார், 1917இல் நகராட்சித் தலைவரும் ஆனார்.