டெஸ்பேர் வெறும் சோகம் அல்ல

'டெஸ்பேர்' (despair) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆழ்ந்த சோகம் என்று மட்டும் பொருள் சொல்லி ஒரு கட்டுரை நிறுத்திக்கொண்டது. அது போதாது. சோகத்திலும் நம்பிக்கை மிஞ்சியிருக்கலாம். டெஸ்பேரில் அது அற்றுப்போகிறது. லத்தீனில் 'ஸ்பேஸ்' நம்பிக்கை, 'ஸ்பெராரே' நம்புதல், முன்னால் வரும் 'டே' நீங்குதல். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது.

'டெஸ்பரேட்' (desperate, நம்பிக்கையிழந்த) வந்த வழி வேறு. அது 'டெஸ்பெராட்டுஸ்' என்ற லத்தீன் எச்சத்திலிருந்து நேராக வந்தது. அதனால்தான் எழுத்துக்கூட்டலும் மாறுகிறது: டெஸ்பேரில் 'பி'க்குப் பின் 'ஏ, ஐ'; டெஸ்பரேட்டில் 'ஈ' மட்டும். அங்கே 'ஏ' போடுவது மிகப் பரவலான பிழை. 'செபரேட்' (separate, பிரித்தல்) என்ற சொல்லின் தாக்கம் அது. ஆனால் செபரேட்டின் வேர் 'பராரே', அதாவது ஆயத்தம் செய்தல். நம்பிக்கைக்கும் அதற்கும் உறவே இல்லை. வினையாக எழுதும்போது டெஸ்பேருக்குப் பின் 'ஆஃப்' (of) வரவேண்டும், 'ஃபார்' (for) அல்ல.