குமரியில் எச்.ஆர். வேலை இருக்கிறது, ஆள்தான் வைக்க மாட்டேன் என்கிறார்கள்

எம்.பி.ஏ.வில் எச்.ஆர். (மனிதவள மேலாண்மை) எடுத்துப் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். கேட்டால், "நாகர்கோவில்ல என்ன கம்பெனி இருக்கு? சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போகணும்" என்பார்கள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் டெக்னோபார்க் பக்கம்தானே என்று இரணியலிலும் குழித்துறையிலும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் வருகிறவர்களும் உண்டு. போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே வேலையே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. வேலை குவிந்து கிடக்கிறது. அதைப் பார்க்க ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்கத்தான் முதலாளிகளுக்கு மனம் வரவில்லை.

அண்டி ஆபீஸ்களையே, அதாவது முந்திரித் தொழிற்சாலைகளையே, எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை தல்லுவது, தொலி உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்த ஓர் அக்கா, வயதாகி பி.எஃப். பணத்துக்கு எழுதிப் போடுகிறார். கணக்கில் அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல். பிறந்த தேதியும் ஒத்துப்போகாது. விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். இப்படிப்பட்ட பழைய கணக்குகளைத் திருத்த நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கே இருப்பதோ ஒரே ஒரு கணக்கப்பிள்ளை, அவருக்கு ஜி.எஸ்.டி. பார்க்கவே நேரம் போதாது. அந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்துக்கு பஸ் ஏறுகிறார், மறுபடியும் ஏறுகிறார். வேலையில் இருக்கும்போதே எல்லோருடைய ஆதாரையும் வாங்கி, பெயர் பெயராகச் சரிபார்த்துத் திருத்தி வைக்க ஒருவர் இருந்தால் போதும், இந்த அலைச்சலே இருக்காது. எச்.ஆர். வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

தனியார் ஆஸ்பத்திரிகளிலும் ஆள் பிரச்சினைதான். ஐ.சி.யூ. வேலை கற்றுக்கொடுத்து ஒரு நர்ஸைத் தயார் செய்வார்கள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான புரோமெட்ரிக் தேர்வில் பாஸானதும் அந்தப் பிள்ளை வளைகுடாவுக்குப் போய்விடும். போகத்தான் செய்யும், வீட்டுக் கடன் அப்படி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்குக் கண்டுபிடித்த வழி, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பூட்டி வைப்பது. விஷயம் வெளியே தெரிந்ததும் நல்ல நர்ஸுகள் சேரவே வரவில்லை. இத்தனை பேர் போவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அடுத்த அணிக்கு இப்போதே பயிற்சி கொடுக்கத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் இருந்தால் பூட்டும் சாவியும் எதற்கு?

சட்டமும் இப்போது சும்மா இருக்க விடாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 500 பேர் இருந்தால்தான் நல அலுவலர். புதிய தொகுப்பு அதை 250 ஆக்கியிருக்கிறது. 10 பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு வேண்டும் என்பது 2013-லிருந்தே சட்டம். ஜவுளிக்கடைப் பெண்கள் உட்படக் கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. நம் கடைவீதிகளில் எத்தனை கடையில் இருக்கை இருக்கிறது என்று அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. இங்கே ஒரு பட்டதாரி நியமனக் கடிதம் இல்லாமல் வருஷக்கணக்கில் வேலை பார்ப்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனிதத் தேவைகளைப் பற்றிய மாஸ்லோவின் கோட்பாட்டை ஒப்பிப்பவருக்கு இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கை எழுதத் தெரிவதில்லை. கல்லூரி சொல்லித்தராவிட்டால், ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஆறு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மலையாளம் நமக்குத் தெரியும். கொஞ்சம் இந்தியும் தெரிந்தால், கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத்து ஆட்களிடம் உங்களால்தான் பேச முடியும்.

சின்னக் கடை, முழுநேர ஆள் கட்டுப்படியாகாது என்றால் சரி, மார்த்தாண்டத்தில் நாலைந்து கடைகள் சேர்ந்து ஒருவரை வைக்கலாம். ஆடிட்டரை அப்படித்தானே பார்க்கிறோம்? முதல் மாதம் என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லையா? இருக்கிற எல்லோருக்கும் நியமனக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.