கிடங்கு வாசலில் இரண்டு நாள்

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூரு, ஐதராபாத் வழியாக ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓட்டி நாக்பூர் சேரும்வரை, எங்கே வருகிறாய் என்று மணிக்கொரு முறை தொலைபேசியில் விரட்டுபவர்கள், கிடங்கு வாசலில் லாரியை நிறுத்திய நொடியிலிருந்து என்னை மறந்துவிடுகிறார்கள். மூட்டை இறக்குபவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள், பிறகு ரசீதில் கையெழுத்திட ஆளில்லை, பிறகு ஞாயிற்றுக்கிழமை. கழிப்பறை எங்கே என்று கேட்டால் காவலாளி சாலையோரப் புதரைக் காட்டுகிறார் (மே மாத நாக்பூர் வெயிலில் அந்தப் புதருக்கே இலையில்லை). லாரியைக் காக்க வைப்பதற்குத் தர வேண்டிய ஹால்டிங் பணம் கேட்டால், அதை உன் முதலாளியிடம் பேசிக்கொள்கிறோம் என்கிறார்கள். வண்டி ஓடினால்தான் எனக்குச் சாப்பாட்டுப் படி என்பதால், இரண்டு நாளும் லாரி நிழலில் அடுப்பை வைத்து, கைக்காசில் சோறு பொங்கித் தின்றேன்.