முதலில் குழாய், அப்புறம் குடியிருப்பு

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வீடு விற்கும் விளம்பரங்களில் நீச்சல் குளம் இருக்கும், கிளப் ஹவுஸ் இருக்கும், மெட்ரோ ரயில் எவ்வளவு பக்கம் என்பதுகூட இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது மட்டும் இருக்காது. விற்பவரை விடுங்கள். கட்ட அனுமதி கொடுப்பவர்களாவது அதைக் கறாராகக் கேட்க வேண்டாமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைப்பது வழக்கம். வீட்டுக்கு நான்கு பேர், 500 வீடுகள் என்றால் தினமும் 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 22 நடைக்கு மேல், அதுவும் ஒரே ஒரு வளாகத்துக்கு! போர்வெல்லில் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அதனால் எங்கோ ஒரு கிராமத்து வயல் கிணற்றிலிருந்து லாரி வருகிறது. அந்த ஊர்க்காரர்களின் நாளைய தண்ணீர் யார் கணக்கிலும் இல்லை.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. இந்தச் சாலைப் பக்கத்துப் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகராட்சிக்குள் வந்தன. கட்டடங்கள் குழாய்க்காகக் காத்திருக்கவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன மாதிரி வளாகங்களில் பத்துக்குக்கூட அது ஒரு நாள் தாங்காது.

அதற்கப்புறம் அரசு சும்மா இருக்கவில்லை. நெம்மேலியில் 2024-ல் திறந்த இரண்டாவது ஆலை, கடல்நீரிலிருந்து தினமும் 15 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. அந்த ரயில் மாதிரி அறுபது! பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் திட்டத்தில் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும் தண்ணீர் அது. அதை வைத்து ஃப்ளஷ் செய்கிறோம்.

எனக்குப் பிடித்த வேலை கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நடந்திருக்கிறது. கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்து, இரண்டு இடத்திலும் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. ஏரித் தண்ணீர் அந்த அளவுக்கு மிச்சம். மழை பொய்த்தாலும் கழிவுநீர் பொய்க்காது. ஏனோ இதை யாரும் தேர்தல் மேடையில் பேசுவதில்லை.

அனுமதிக்கு முன் குழாயைக் கேட்டால் வீட்டு விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். இப்போது அதே காசை மாதாமாதம் மெயின்டனன்ஸ் பில்லில் லாரிக்குக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? எந்த நீர் ஆதாரம், எந்த ஆண்டுக்குள் இணைப்பு, கழிவுநீரில் எவ்வளவு மறுபயன்பாடு என்று மூன்று வரி எழுதிக் குடிநீர் வாரியம் கையெழுத்து போடட்டும். அதுவரை பெரிய வளாகங்களுக்குப் புது அனுமதி வேண்டாம்.