வாசனைக்கு ரசீதில் இடமில்லை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் பிரியாணிக் கடைப் பலகைகளைப் பாருங்கள், எத்தனை இடத்தில் ‘சீரகச் சம்பா’ என்று இருக்கிறது. அந்த வாசனை நெல்லை கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைத் தண்ணீரில் முக்கால் ஏக்கர் போட்டு, விற்றும் பார்த்துவிட்டேன்.

மாமா அப்போதே சொன்னார்: “வேணாம் மாப்ள, சாஞ்சுடும்.” உயரமாக வளர்கிற பயிர். மார்கழியில் இரண்டு நாள் மழை, பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. படுத்த பயிரை அறுக்க இரண்டு மடங்கு நேரம். பக்கத்து வயலில் குண்டு நெல் ஏக்கருக்கு முப்பது மூட்டை. எனக்கு மொத்தமே பதிமூன்று.

அரசுக் கொள்முதல் நிலையத்தில் சன்னரகம் (மெலிந்த நெல்), பொதுரகம் என்று இரண்டே கணக்கு. 2025-26 பருவத்தில் சன்னரகம் குவிண்டால் 2545 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கக் கருவி இருக்கிறது. மோந்து பார்க்க யாரும் இல்லை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோதும் இதே கதைதான். சீரகச் சம்பாவும் அந்த மூட்டையோடு சேர்ந்து கட்டுப்பட்டது. 2024 செப்டம்பரில்தான் அவிழ்த்தார்கள்.

சரி, வியாபாரியிடமே போனேன். நாலு நெல்லை உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, மோந்தார். “வாசனை நல்லா இருக்குதுங்க. ஆனா புதுசு.”

அந்த ‘புதுசு’தான் விஷயமே. புது அரிசி குழையும். ஒரு வருடம் கிடந்து பழசானால்தான் பிரியாணியில் உதிரி உதிரியாக நிற்கும், விலையும் ஏறும். அந்த ஒரு வருடம் நெல் அவருடைய குடோனில் கிடக்கிறது, ஏறுகிற விலையும் அவருக்கே. அவரைக் குறை சொல்லவில்லை, பூச்சியும் எலியும் அவர் பாடு. என்னால் ஏன் வைத்திருக்க முடியவில்லை? உரக்கடை பாக்கி, கூட்டுறவு சங்கக் கடன், மெஷின்காரர். எல்லாருக்கும் தையிலேயே பணம் வேண்டும்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லை வைத்து பொருளீட்டுக் கடன் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், 180 நாளுக்கு. அரிசி பழசாவதற்குள் கெடு முடிந்துவிடும். வாசனை நெல்லுக்கு மட்டுமாவது இதை ஒரு வருடமாக்குங்கள். தனி விலை, மானியமெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இரண்டு மூட்டையை மட்டும் விற்காமல் நொச்சித் தழை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த தைக்குத்தான் அரைக்க வேண்டும். வேணாம் என்ற மாமாதான் வாரம் தவறாமல் வந்து மூட்டையை மோந்து பார்த்துவிட்டுப் போகிறார்.